அடைமழையும் ஓர் உலர்த்தியும்

உணவு, உடை, உறையுள் என்று வாழ்வின் தேவைகளை மூன்றாக எண்ணுவது மரபு. உடை என்றதும் நூற்றலும் நெய்தலும் நினைவுக்கு வருகின்றன; வெளுத்தலும் ஓரளவு வருகிறது. உலர்த்தல் மட்டும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. நம் ஊர்ப்பக்கத்தில் அது மனிதர் செய்யும் வேலையாகவே கருதப்படவில்லை. வெயில் பார்த்துக்கொள்ளும் வேலை அது. துணியை உதறிக் கொடியில் விரித்துவிட்டு உள்ளே வந்தால், அடுக்களை வேலை முடிவதற்குள் அது மொடமொடவென்று காய்ந்திருக்கும். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, ஓர் ஈரத்துணி இரண்டு நாள் காயாமலே கிடக்கக்கூடும் என்பது மும்பைக்குக் குடிவந்த பிறகு தெரிந்த செய்தியாகும்.

மும்பையில் மழை ஜூன் இரண்டாம் வாரத்தில் இறங்குகிறது. செப்டம்பர் இறுதிவரை தங்குகிறது. ஜூலை மாதம் ஒன்றில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையே ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெருக்கம் விளங்கும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுருஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்நகரில் அன்றிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மழைக்காலத்துக் காற்றைப் பொறுப்பது அரிது. துணி காய்வது என்பது துணியிலுள்ள நீர் காற்றுக்குள் செல்வதுதான். காற்று முன்பே வயிறு நிறைய நீரை உண்டிருந்தால், துணியின் நீரை எங்கே ஏற்கும்? ஜூலையில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் பல நாள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தொடுகிறது. அந்தக் காற்றில் கொடியிலே தொங்கும் வேட்டி, காய்கிறதா நனைகிறதா என்று சொல்ல இயலாத நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் நாள் அதிலிருந்து ஒரு புளித்த நாற்றம் எழும். மொராக்ஸெல்லா என்னும் நுண்ணுயிர் அந்த நாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெயர் தெரியாத காலத்திலும் அந்த நாற்றத்தை நம் பெண்மக்கள் நன்கறிவர்.

செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம் குடும்பங்கள் இதற்கு எத்தனையோ வழி கண்டிருக்கின்றன. உத்தரத்தில் கப்பி கட்டிக் கயிற்றால் மேலே ஏற்றும் கழிகள் மராட்டியரிடமிருந்து நாம் கற்றவை. பள்ளிச் சீருடையை இரவு முழுதும் மின்விசிறியின் கீழ் விரிப்பதும், காலையில் இஸ்திரிப்பெட்டியால் ஈரத்தை ஆவியாக்கி அனுப்புவதும் நாமே கண்டுபிடித்துக்கொண்டவை. ஆண்டுக்கு நான்கு மாதம் இவ்வாறு ஓட்டிவிடலாம் என்றே நாங்களும் நெடுங்காலம் இருந்தோம். உலர்த்தி என்னும் பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆடம்பரத்தின் பொருட்டன்று.

2017-ஆம் ஆண்டில் எங்கள் அன்னையார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தும் எழுந்து நடமாடும் வலு மீளவில்லை. எண்பத்திரண்டு வயது. அன்று முதல் படுக்கையே அவர்களுக்கு உலகமாயிற்று. படுக்கையில் இருக்கும் முதியவருக்கு நாள்தோறும் எத்தனை துணி வேண்டும் என்பது அப்பணியைச் செய்தவர்க்கே தெரியும். விரிப்புகள், அடியில் இடும் பருத்தித் துண்டுகள், மாற்றுடைகள் என்று ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை ஆகும். அவை காய்ந்திருக்க வேண்டும். முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் சற்றே தங்கினாலும் முதுகுத் தோல் ஊறிப் படுக்கைப்புண் தோன்றும். முதியவர்க்கு வந்த படுக்கைப்புண் எளிதில் ஆறுவதில்லை. ஆகவே அவ்வாண்டு மழைக்கு முன்பே, ஐந்து கிலோ துணி கொள்ளும் உலர்த்தி ஒன்றை வாங்கிப் பின்கட்டில், அன்னையாரின் அறைச் சுவரை ஒட்டி நிறுத்தினோம்.

மின்சாரத்தால் இயங்கும் உலர்த்தி அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ராஸ் மூர் என்பவர், கடுங்குளிரில் வெளியே துணி உலர்த்தும் துன்பத்தைக் கண்டு அதனை அமைக்க முனைந்தாராம். விஸ்கான்சினில் இருந்த ஹாமில்டன் நிறுவனத்தார் அதனைச் செய்து, ‘ஜூன் டே’ என்று பெயரிட்டு விற்றார்கள். அவர்கள் நாட்டில் ஜூன் மாதத்து நாள் என்றால் நல்ல வெயில் நாள். நம் மும்பையில் ஜூன் மாதத்து நாள் எத்தகையது என்பதை அவர்கள் அறிய நியாயமில்லை. பெயர் இடம் மாறினால் பொருள் தலைகீழாகிவிடும் போலும் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரித்ததுண்டு.

பெட்டியின் இயக்கம் மிக எளியது. உள்ளே ஓர் உருளை சுழல்கிறது. துணி அதில் புரண்டு புரண்டு விழுகிறது. பின்புறம் நிக்கலும் குரோமியமும் கலந்த சுருள்கம்பி ஒன்று சூடேறி நிற்கிறது. விசிறி ஒன்று வெளிக்காற்றை இழுத்து அக்கம்பியின் வழியே செலுத்தி, உருளைக்குள் அனுப்பி, ஈரம் ஏற்ற காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. 27 பாகை வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றையே 60 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் பதினாறு விழுக்காடாகத் தாழ்ந்துவிடும். காற்றிலுள்ள நீர் குறையவில்லை. காற்றின் கொள்ளளவு பெருகிவிட்டது. மழைக்காற்றைக்கொண்டே மழையீரத்தைப் போக்கும் வித்தை இதுதான். ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.67 யூனிட் மின்சாரம் வேண்டும். ஐந்து கிலோ பருத்தித்துணி, சலவை இயந்திரத்தில் நன்றாகப் பிழிந்த பின்னும் ஏறத்தாழ மூன்று கிலோ நீரைத் தாங்கி நிற்கும். ஆக இரண்டு யூனிட்டேனும் செலவாகும். எங்கள் பெட்டியின் சுருள் 2,000 வாட் திறனுடையது. ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஏற்றம் காயும். இரண்டு மழைக்காலம் இவ்வாறு குறையின்றிக் கழிந்தன.

மூன்றாவது மழைக்காலம் 2019-ஆம் ஆண்டினது. அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் சாந்தாகுருஸில் 375 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அதன் பின்னும் மழை ஓயவில்லை. அந்த ஜூலையின் நடுவில், ஒரு திங்கட்கிழமை இரவில், உலர்த்தியிலிருந்து எடுத்த துணி குளிர்ந்திருந்தது. உருளை சுழன்றது, உள்விளக்கு எரிந்தது, விசிறியின் இரைச்சலும் கேட்டது. சூடு மட்டும் இல்லை. மறுமுறை ஓட்டினோம். இரண்டு மணி நேரம் சுழன்ற துணி, போட்டபோது இருந்த ஈரத்தோடே வெளிவந்தது.

பெட்டியைச் செய்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தொலைபேசினோம். மழையால் பணியாளர் வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். மற்றவர்க்கு எட்டு நாள் என்பது எட்டு நாள்தான். எங்களுக்கோ அது நூறு துணி.

அன்றிரவே கப்பிக் கழிகளை இறக்கினோம். மின்விசிறி உள்ள இடமெல்லாம் கொடி ஏறியது. அன்னையாரின் மருமகளுக்கு இஸ்திரிப்பெட்டியின் முன் நின்று நின்று கால் வீங்கியது. படுக்கையிலிருந்தபடியே அன்னையார் ஒரு யோசனை சொன்னார்கள்: “காஞ்ச துண்டுக்குள்ள ஈரத்துணிய வச்சுச் சுருட்டி முறுக்கு. பாதி ஈரம் அதுலயே போயிரும்.” அவ்வாறே செய்தோம், உண்மையாகவே நேரம் மிஞ்சியது. ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்துக்குத் துவைத்த கையின் அனுபவம் எந்த ஊரிலும் செல்லும்.

செய்தி மாடிப்படி வழியே தானே இறங்கியது. கீழ்வீட்டு மராட்டிய அம்மையார் மேலே வந்து, “ஆயியின் துணியில் இரண்டைக் கொடுங்கள், எங்கள் விசிறி சும்மாத்தான் சுற்றுகிறது” என்று வாங்கிச் சென்றார். அடுத்த நாள் எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பத்தார் வந்தனர். மூன்றாம் நாளில் ஐந்து வீடுகளில் எங்கள் அன்னையாரின் விரிப்புகள் தொங்கின. பிறந்த ஊரில் இருந்திருந்தால் உற்றார் வீடுகளுக்கு அத்துணி சென்றிருக்குமா என்று நாங்கள் பலமுறை எண்ணியதுண்டு. நோயாளியின் படுக்கைத் துணியை உறவினர் வீட்டுக் கொடியில் போடக் கேட்பதற்கு நமக்கே நா எழுந்திருக்காது. இங்கே கேட்காமலே எடுத்துச் சென்றார்கள்.

ஆயினும் எங்களைக் கலங்க வைத்த செய்தி வேறு. காலைதோறும் வந்து அன்னையாரைத் துடைத்து மாற்றும் மலையாளச் செவிலி, நான்காம் நாள் எங்களைத் தனியே அழைத்தார். “அம்மச்சி வெள்ளம் குடிப்பது மிகவும் குறைந்துவிட்டது, சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போகிறது, இப்படியே விட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டி வரும்” என்றார். அன்னையாரிடம் கேட்டோம். முதலில் தாகம் இல்லை என்றார்கள். மருமகள் விடாமல் கேட்டதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “துணிதான் காய மாட்டேங்குதே. தண்ணியக் குடிச்சு என்ன செய்ய?” என்றார்கள்.

கொடியில் எத்தனை, பக்கத்து வீடுகளில் எத்தனை, மீதி எத்தனை என்று படுக்கையில் கிடந்தபடி அவர்கள் கணக்கிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். துணி நனையக் கூடாதென்று தொண்டையைக் காய வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எட்டு நாள் காத்திருப்பது என்ற பேச்சுக்கு இடமில்லாமற்போயிற்று.

சாலைமுனையிலுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரை அன்று மாலையே அழைத்து வந்தோம். அவர் பின்தகட்டைக் கழற்றினார். எதையும் அளந்து பார்க்கவில்லை. சூட்டுக்கம்பிக்கு அருகே உள்ள ஒரு சிறு உறுப்பைத் தொட்டுக் காட்டி, “இது போயிருக்கும். இந்த மாடலுக்குக் கிடைக்காது. இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்து ‘டைரக்ட்’ கொடுத்துவிடுகிறேன், பத்து நிமிடத்தில் சூடேறும்” என்று இந்தியில் சொன்னார். பத்து நிமிடம் என்ற சொல் அந்த வேளையில் எத்தனை இனிமையாக ஒலித்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அந்த உறுப்பு எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டோம். “கம்பெனிக்காரர்கள் வைப்பார்கள், சேஃப்டிக்கு” என்றார். அந்தச் சொல்லே எங்களுக்குப் போதுமானதாயிற்று. பெட்டிக்கும் எழுந்து நடக்க இயலாத ஒருவரின் கட்டிலுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லி, வந்ததற்கான கூலியைக் கொடுத்து அனுப்பினோம். அன்றிரவும் இஸ்திரிப்பெட்டியே துணை.

நியூ ஜெர்சியில் வாழும் பேரன் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “பிரேக்கர் ரெண்டுல ஒண்ணு விழுந்திருக்கும்பா. அதைப் பாருங்க முதல்ல” என்றான். அவன் சொன்னது அவன் இருக்கும் நாட்டுக்குச் சரியே. அங்கே உலர்த்திக்கு 240 வோல்ட் மின்சாரம் இரண்டு கம்பிகளில் வருகிறது. ஒன்று துண்டிக்கப்பட்டாலும், 120 வோல்ட்டில் ஓடும் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும். சூட்டுக்கம்பி மட்டும் உறங்கிவிடும். நம் நாட்டு வீடுகளில் ஒற்றைக் கட்டத்தில் 230 வோல்ட் வருகிறது. மோட்டாருக்கும் சூட்டுக்கம்பிக்கும் வழி ஒன்றே. மோட்டார் சுழன்றால் மின்சாரம் வந்துவிட்டதென்றே கொள்ளலாம். குறை பெட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஓர் ஊர் மருந்து மற்றோர் ஊர் நோய்க்கு ஆகாது என்பது இயந்திரங்களுக்கும் பொருந்துகிறது.

ஐந்தாம் நாள், எங்கள் தமிழ்ச் சங்கத்து அன்பர் ஒருவர் தாராவியிலிருந்து ஓர் இளைஞரை அனுப்பிவைத்தார். பாட்டனார் காலத்தில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பம். இவர் மூன்றாம் தலைமுறை. இந்தியும் மராட்டியும் கலந்த தமிழ். ஆனால் ‘அண்ணாச்சி’ என்று விளிக்கும்போது மட்டும் அசல் பாளையங்கோட்டை. உள்ளே வந்ததும் அன்னையாரின் கட்டிலருகே சென்று, “ஆச்சி, இன்னைக்குப் பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டே கருவிப்பையைத் திறந்தார்.

அவர் செய்த முதல் வேலை கேள்வி கேட்டது. திடீரென்று நின்றதா, சிறுகச் சிறுகக் குறைந்து நின்றதா? இதற்கு விடை சொன்னவர் அன்னையாரின் மருமகள். ஜூன் தொடக்கத்தில் ஒன்றரை மணியில் காய்ந்தது. மாத இறுதியில் இரண்டு மணி. ஜூலையில் இரண்டரை மணிக்கும் மேலாயிற்று. பெட்டியின் மேல்தகடும் முன்பைவிடச் சுட்டது என்றார். இளைஞர் தலையசைத்து, “அக்கா பாதி வேலைய முடிச்சுட்டாங்க” என்றார்.

பிறகு வரிசையாகப் பார்த்தார். சூடற்ற காற்றுக்குரிய நிலையில் விசை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பஞ்சுத்தூசி வடிகட்டியை உருவிப் பார்த்தார். ஒவ்வோர் ஏற்றத்துக்குப் பின்னும் துடைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டாதலால் அது தூயதாகவே இருந்தது. அதன் பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் பிடுங்கிக் கண்ணெதிரே தரையில் வைத்துக்கொண்டே பின்தகட்டைக் கழற்றினார். விசையை அணைப்பது போதாது, பிளக்கே வெளியில் இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி.

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சுருள்கம்பியின் இரு பக்கத்திலும் வைத்தார். கருவி 26 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 2,000 வாட் திறன் தரும் கம்பிக்கு அவ்வளவுதான் இருக்க வேண்டும். அறுந்திருந்தால் கருவி எதையும் காட்டாது. ஆகவே கம்பி நலமே. அடுத்தது தெர்மோஸ்டாட். காற்றின் சூடு அளவை எட்டினால் கம்பிக்கு மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் கொடுக்கும் காவலாளி அது. அதுவும் சரியாக இருந்தது. மூன்றாவது, முன்னவர் தொட்டுக் காட்டிய அந்தச் சிறு உறுப்பு: வெப்பத் துண்டிப்பான். தெர்மோஸ்டாட்டையும் மீறிச் சூடு ஏறினால், ஒரேயடியாக வழியை அறுத்துவிடுவது அதன் கடமை. சில பெட்டிகளில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மீண்டும் சேரும். எங்கள் பெட்டியில் இருந்தது ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான். மல்டிமீட்டர் அங்கே ஊமையாயிற்று.

“குறை கண்டுபிடித்தாயிற்றல்லவா?” என்று கேட்டோம். அவர் சொன்ன விடை எங்கள் வீட்டில் இன்றும் வழங்குகிறது. “இல்ல அண்ணாச்சி. இது கெட்டுப்போகல. இது தன் வேலையச் செஞ்சிருக்கு. எதுக்காகச் செஞ்சுதுன்னு இனிமேத்தான் பாக்கணும். அது தெரியாமப் புதுசு போட்டா, அதுவும் நாலு நாள்ல போயிரும்.”

தகட்டை மூடிப் பெட்டியைச் சூடில்லாமலே ஓட்டினார். வெளியேற்றுக் குழாயைப் பெட்டியிலிருந்து கழற்றியதும் காற்று முகத்தில் அறைந்தது. குழாயை மாட்டிவிட்டு, கட்டடத்தின் நீர்க்குழாய்கள் இறங்கும் சந்தின் பக்கமுள்ள சன்னலில் கையை நீட்டிப் பார்த்தார். அங்கே காற்றே இல்லை. டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். சுவரிலுள்ள துளையின் வெளிவாயில் நெருங்கிய கண்ணுள்ள கம்பிவலை ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. மே மாதத்தில் மழைக்கு முந்திய மராமத்து நடந்தபோது, புறா அடையாமலிருக்கக் கட்டட வேலையாட்கள் வெளிச்சுவரின் துளைகள் அனைத்துக்கும் வெளியிலிருந்தே வலை அடித்துச் சென்றிருக்கிறார்கள். வடிகட்டி எவ்வளவு நல்லதாயினும் மெல்லிய பிசிறு சிறிதளவு தப்பிச் செல்லவே செய்யும். முன்பெல்லாம் அது வெளியே பறந்துவிட்டது. இப்போது வலையிலே தங்கி, ஈரக்காற்றிலும் சாரலிலும் நனைந்து, நாளுக்கு நாள் தடித்து, சாம்பல்நிறக் கம்பளித் துண்டைப்போல வாயை அடைத்திருந்தது.

அதன்பின் எல்லாம் கோவையாக விளங்கிற்று. காற்று வெளியேற வழி குறையவே ஈரம் உள்ளேயே சுற்றியது. உலரும் நேரம் நீண்டது. கம்பியின் சூட்டைக் கொண்டுசெல்லக் காற்று போதாமையால் பெட்டி கொதித்தது. தெர்மோஸ்டாட் அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. முடியாத நாளில் துண்டிப்பான் தன்னைப் பலிகொடுத்துத் தீயைத் தடுத்தது. அன்று நாங்கள் ‘டைரக்ட்’ கொடுக்கச் சம்மதித்திருந்தால், அடைபட்ட குழாய்க்குள் பஞ்சும் 2,000 வாட் சூடும் காவலின்றி ஒன்றாக இருந்திருக்கும். இது வீண் அச்சமன்று. 2008 முதல் 2010 வரையான ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீவிபத்துகள் உலர்த்திகளால் நேர்ந்தன என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணித்திருக்கிறது. தூசியை அகற்றாமையே அவற்றுக்குத் தலையாய காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இளைஞர் வலையை அறுத்தெடுத்தார். குழாயை இறக்கிக் கழுவித் துடைத்தார். மறுநாள் கொட்டும் மழையில் கிராண்ட் ரோடு பக்கத்து லாமிங்டன் சாலைக்குச் சென்று, அதே வெப்ப அளவும் அதே ஆம்பியர் அளவும் பொறித்த துண்டிப்பானைத் தேடி வாங்கி வந்தார். அதன் விலை ஒருவர் உணவு விடுதியில் உண்ணும் சிற்றுண்டியின் விலைக்கும் குறைவு. பொருத்தி ஓட்டியதும் பெட்டி சூடேறியது. ஒன்றரை மணி நேரத்தில் துணி காய்ந்தது. சூடாக எடுத்த விரிப்பை அவரே கொண்டுபோய் அன்னையாரின் கையில் வைத்தார். அவர்கள் அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, “வெயில் வாசம் இல்லதான். சூடு இருக்கு, போதும்” என்றார்கள். சிறிது நேரம் சென்று மருமகளை அழைத்துத் தண்ணீர் கேட்டார்கள். ஒரு செம்பு முழுவதும் குடித்தார்கள்.

இதனை வாசிக்கும் நம் குடும்பங்களுள் பலவற்றில் இன்று உலர்த்தி இருக்கிறது. ஆதலின் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்வது பயனுடையதாகும். வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். வெளியேற்றுக் குழாய் நசுங்காமலும் வளையாமலும் இருக்கட்டும்; மழைக்கு முன்பும் மழைக்கு நடுவிலும் அதைக் கழற்றித் தூய்மை செய்யுங்கள். வெளிவாயில் வலை வேண்டாம். காற்று தள்ளும்போது திறந்து, நின்றதும் தானே மூடும் தட்டுவாயில் கடைகளில் கிடைக்கிறது. புறாவும் வாராது, பிசிறும் தங்காது. உலரும் நேரம் நீளத் தொடங்கினால் அதுவே பெட்டி சொல்லும் முதல் சொல், அதனைக் கேளுங்கள். சூடு நின்றுபோனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அளந்து பார்க்கத் தெரிந்தவரை அழையுங்கள். காவல் உறுப்பைக் கம்பியால் இணைக்க எவர் முன்வந்தாலும், எத்தனை அவசரமாயினும் மறுத்துவிடுங்கள். புதிதாக வாங்குவோர்க்கு, வெளிக்குழாயே வேண்டாத வெப்பப்பம்பு வகைகளும் இக்காலத்தில் கிடைக்கின்றன; அவற்றுக்கு மின்செலவும் குறைவு. ஆயினும் அவற்றிலும் தூசி படியும் இடம் உண்டு; அதைத் துடைக்கும் கையும் வேண்டும்.

தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு நீரின் கசிவு என்றும் நெஞ்சின் கசிவு என்றும் இரு பொருள் உண்டு. முதலாவதை உலர்த்த அந்த ஜூலையில் நாங்கள் பட்ட பாடு பெரிது. இரண்டாவது, கேட்காமலே ஐந்து வீட்டுக் கொடிகளில் தொங்கியது. அதற்கு நாங்கள் இன்னும் கடனாளிகள்.

அன்னையார் 2021-ஆம் ஆண்டு மறைந்தார்கள். கடைசிவரை முதுகில் ஒரு புண்ணும் வரவில்லை. அந்தப் பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டு மராட்டிய அம்மையாரின் வீட்டில் சென்ற ஆண்டு பேரக்குழந்தை பிறந்தது. மழைக்காலம் முழுவதும் அக்குழந்தையின் துணிகள் எங்கள் உலர்த்தியில்தான் காய்ந்தன.